சி ஷிப்டும் ஐந்தாம் ஞாயிறும்

நாச்சியாரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் நான் சொல்லப்போகிற வினாடிகளை யாரும் நம்ப மாட்டீர்கள். ஒரகடத்தில், காருக்கு உள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டித் தருகிற கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ஸ்டாப் வாட்ச் பிடித்துக்கொண்டு ஆட்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பேன். ஒரு பெண் வயரை எடுத்து, கிளிப் மாட்டி, டேப் சுற்றி, அடுத்தவளிடம் தள்ள எத்தனை வினாடி ஆகிறது என்று எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்கள் லைனின் வேகத்தைக் கூட்டுவார்கள். அதனால் கேன்டீனில் நான் தட்டோடு போய் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும். பெயர் அமலா, ஊர் பிள்ளைப்பாக்கம். யாருக்கும் ஒரு வினாடிகூட விட்டுக்கொடுக்காதவள் என்ற கெட்ட பெயர்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பந்தயத்துக்கு நேரம் குறிக்கும் பொறுப்பை எனக்கு வாங்கித் தந்தது.

அந்தப் பந்தயம் மெயின்டனன்ஸில் இருக்கும் லோகேஷின் மூளையில் உதித்தது. வெளிநாட்டில் மூன்று வாரம் தொடர்ந்து ஓட்டுகிற சைக்கிள் பந்தயம் ஒன்றை மொபைலில் பார்த்திருக்கிறான். ஒரு நாள் சமவெளி, ஒரு நாள் மலை, ஒரு நாள் தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டம். எல்லா நாள் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். எங்களுக்கு மூன்று வாரம் லீவு யார் தருவார்? எனவே ஐந்து ஞாயிறு, காலை ஏழு மணிக்கு. கியர் இல்லாத சாதாரண சைக்கிள்தான். மலைக்கு எங்கே போவது? ஒரகடம் மேம்பாலத்தை எட்டு முறை ஏறி இறங்க வேண்டும், அதுதான் மலை. கூட்டு நேரத்தில் முந்தியிருப்பவருக்கு அந்த வாரம் முழுக்க, ரோடு போடுகிறவர்கள் அணியும் பளபளா ஜாக்கெட்டும் கம்பெனி பஸ்ஸில் முன்பக்க ஜன்னல் சீட்டும் உண்டு. ஐந்தாம் ஞாயிறு முடிவில் ஜெயித்தவருக்கு அந்தச் சீட்டு ஒரு வருஷம் சொந்தம். சிரிக்காதீர்கள். அந்தச் சீட்டுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

முதல் மூன்று வருஷமும் அதில் உட்கார்ந்தவர் ஸ்ரீதர். மண்ணூர்க்காரர், எங்கள் லைனின் சூப்பர்வைசர். நல்ல ஓட்டக்காரர்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் ஜெயித்ததில் பாதி லோகேஷின் கால். காற்றை எதிர்த்து முன்னால் போகிறவனுக்குத்தான் நெஞ்சு எரியும், பின்னால் ஒட்டிப் போகிறவனுக்குப் பாதி உழைப்புகூட இல்லை. லோகேஷும் இன்னும் இரண்டு பேரும் முன்னால் மாறி மாறிக் காற்றை வாங்குவார்கள். ஸ்ரீதர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொகுசாக வந்து, கடைசி ஒரு கிலோமீட்டரில் மட்டும் சிங்கம் ஆவார்.

நான்காம் வருஷம் பெயர் கொடுக்க வந்தவள் நாச்சியார். வயது இருபத்தாறு. சொந்த ஊர் கயத்தாறு பக்கம், காற்றாலைகள் நிற்கிற பூமி. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த லேடீஸ் சைக்கிளை இரண்டு வருஷம் பள்ளிக்கு ஓட்டியவள், இங்கே வேலை கிடைத்ததும் அதை ஆம்னி பஸ்ஸின் கூரையில் கட்டி எடுத்து வந்தாள். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு கட்டிடம் தள்ளி இருக்கும் பெண்கள் ஹாஸ்டலில் இருநூறு பேர் கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க, இவள் ஒருத்தி மட்டும் எட்டு கிலோமீட்டரைச் சைக்கிளில் போனாள். பெண்களுக்கு பஸ் கட்டாயம் என்பது இரவு வேலைக்கு மட்டும்தான் சட்டம். பகலில் அது வெறும் பழக்கம். இந்த வித்தியாசத்தை வார்டனிடம் ஒரு மணி நேரம் நின்று பேசி நிலைநாட்டியவள் அவள்.

கேன்டீனில் பந்தயக் குழுச் செயலாளர் ராஜாமணி அண்ணன் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். போர்க்லிப்ட் ஓட்டுகிறவர், யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத ஜீவன். நாச்சியார் பெயர் சொன்னதும் பக்கத்து மேசையிலிருந்து ஸ்ரீதர் எழுந்து வந்தார்.

"இன்னாமா, உங்க வூட்ல ஆம்பளைங்க இல்லியா? சைக்கிள எட்த்துகினு நீ வந்துக்கீற?"

"இருக்காவ அண்ணாச்சி. அவியளுக்கு ஓட்டத் தெரியாது. அதான் நான் வந்தேன்."

கேன்டீனே சிரித்தது. லைனில் அவரை சார் என்று கூப்பிடுகிறவள், அங்கே அண்ணாச்சி என்றது அவருக்கு இன்னும் சுருக்கென்றிருக்க வேண்டும். நோட்டீஸில் ஆண்கள் என்று போட்டிருக்கிறதா என்று ராஜாமணி அண்ணன் தேடினார். போடவில்லை. ஒரு பெண் வருவாள் என்று எவனுக்குத் தோன்றியது, போடுவதற்கு?

"சரி, ஓட்டட்டும்," என்றார் ஸ்ரீதர். "ஆனா ஒண்ணு. அஞ்சு ஞாயிறு முடிஞ்சி நீ எனக்குப் பின்னால இருந்தன்னா, அட்த்த வருசம் நோட்டீஸ்ல 'ஆண்களுக்கு மட்டும்'னு அச்சடிப்போம். நீயும் அந்த ஓட்ட சைக்கிள யாருக்காச்சும் குட்த்துட்டு, மத்த பொண்ணுங்க மாதிரி பஸ்ல வரணும். சம்மதமா?"

"நான் முன்னால இருந்தா?"

"சீட்டு உன்து."

"சீட்டு எதுக்கு, எனக்கு சைக்கிள் இருக்கு. நான் ஜெயிச்சா அந்த வார்த்தை என்னைக்குமே நோட்டீஸ்ல வரக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

ஸ்ரீதர் அன்று மாலையே அடுத்த வருஷ நோட்டீஸை 'ஆண்களுக்கு மட்டும்' என்று பிரின்ட் எடுத்து ராஜாமணி அண்ணனிடம் கொடுத்துவைத்தார். அவ்வளவு நம்பிக்கை. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, ஆனால் நேரம் குறிக்கிறவள் வாயைத் திறக்கக்கூடாது.

முதல் ஞாயிறு மண்ணூர் சுற்றிச் சமவெளி. லோகேஷின் நாலு பேர் வரிசைக்குப் பின்னால் ஐந்தாவதாக நாச்சியார் ஒட்டிக்கொண்டாள். உதறிப் பார்த்தார்கள். வளைந்தார்கள், திடீரென்று பிரேக் போட்டார்கள், காற்று அடிக்கிற பக்கமாக அவளைத் தள்ளினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வினாடி பின்னால் முடித்தாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"எங்கூர்ல ஆடிக் காத்துல ஒத்தையில ஓட்டுனா பள்ளிக்கூடம் போய்ச் சேர முடியாதுக்கா. முன்னால வைக்கோல் டிராக்டர் போச்சுன்னா அதுக்குப் பின்னால ஒட்டிக்கிடுவேன். டிராக்டர் கெடைக்காத அன்னைக்குத் தலையக் குனிஞ்சு ஒரே மிதி. டீச்சர்ட்ட காத்துன்னு சொன்னா நம்புவாவளா?"

இரண்டாம் ஞாயிறு மேம்பாலம். மேட்டில் ஒளிந்துகொள்ள யார் முதுகும் உதவாது, உடம்பின் எடைதான் பேசும். நாற்பத்தாறு கிலோ நாச்சியார் எட்டாவது ஏற்றத்தில் ஸ்ரீதரை விட்டுவிட்டுப் போனாள். முப்பத்து நாலு வினாடி. கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் இருபத்தெட்டு வினாடி முன்னிலை. பளபளா ஜாக்கெட் அவள் முட்டிவரை தொங்கியது. ஜாக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு அவள் சைக்கிளில் ஹாஸ்டலுக்குப் போனபோது மாடியில் நின்ற பெண்கள் கத்திய கத்தல் எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

இப்போது ஷிப்ட் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பந்தயத்தில் ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை அவர் காலைப் பார்த்து யாரும் சொல்வதில்லை, ஷிப்ட் சார்ட்டைப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஏ என்றால் காலை ஆறு மணி, பி என்றால் மதியம் இரண்டு, சி என்றால் இரவு பத்திலிருந்து விடிகாலை ஆறு வரை. வாரம் ஒன்றாகச் சுழலும். சனிக்கிழமை சி பார்த்தவன் ஞாயிறு ஆறு மணிக்கு கேட்டை விட்டு வெளியே வந்து, ஏழு மணிக்கு அப்படியே பந்தயத்தில் நிற்பான். அவன் தேற மாட்டான் என்று மற்றவர்கள் அவனைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். மூன்றாவது வாரம் நாச்சியாருக்கு முறைப்படி சி வந்தது. அந்த ஞாயிறு தனித்தனி ஓட்டம், இருபது கிலோமீட்டர். தூக்கக் கலக்கத்தில் ஒரு திருப்பத்தையே தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஒரு நிமிஷம் நாற்பது வினாடி இழந்தாள். ஜாக்கெட் ஸ்ரீதரிடம் போனது.

பாவி மனுஷனுக்கு அதோடு போதவில்லை. லைனுக்கு சார்ட் போடுகிறவர் அவர்தானே? திங்கட்கிழமை ஒட்டிய சார்ட்டில் நாச்சியார் பெயர் மறுபடியும் சியில், அடுத்த வாரமும் சியில். ஸ்ரீதர் மட்டும் ஐந்து வாரமும் ஏயில். பெண்களை இரவு வேலையில் போட அவர்கள் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடிதத்தை நீட்டி, "முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆள போட்டுக்கறேன்" என்றார், லைன் முழுக்கக் கேட்கும்படி. மறுத்தால் சலுகை கேட்டவள் ஆவாள். கையெழுத்துப் போட்டால் கவிழ்ந்தாள். இரண்டில் எதுவானாலும் அவருக்கு லாபம்.

நாச்சியார் பேனாவை வாங்கி இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள். "எழுத்து சரியா இருக்கா சார்?" என்று ஒரு கேள்வி வேறு.

சி ஷிப்டுக்கு பஸ்ஸில்தான் வரவேண்டும் என்பதால் சைக்கிளை எங்கள் வீட்டில் விட்டாள், ஞாயிறு காலை பந்தயத்துக்கு வரும்போது நான் அதை ஓட்டி வந்து கொடுப்பேன். தினமும் மாலை ஐந்து மணிக்குத் தூங்கி எழுந்து வந்து, எடுத்துப் போய் ஓட்டிப் பழகிவிட்டு, ஏழு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். ஞாயிறு பந்தயம் முடிந்ததும் மற்றவர்கள் பிரியாணிக்குப் போவார்கள். இவள் ஹாஸ்டல் ஜன்னலில் கறுப்புத் துப்பட்டாவைக் கட்டிவிட்டுப் படுத்துவிடுவாள். ஞாயிறு இரவு லீவுதான், ஆனால் அன்றும் விடிய விடிய விழித்திருந்தாள். மொட்டை மாடியில் பேய் மாதிரி நடக்கிறாள் என்று வார்டன் என் அம்மாவிடம் வந்து புலம்பினார். என் அம்மா அதற்குள் வேப்பிலை அடிக்கிற ஆளுக்குச் சொல்லி அனுப்பவும் தயாராகிவிட்டார்.

நான்காம் ஞாயிறு வடக்குப்பட்டு சிப்காட் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் வட்டம், பத்து சுற்று. நாச்சியார் ஓட்டம் தொடங்குமுன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாய் பிளக்கக் கொட்டாவி விட்டாள். லோகேஷ் ஸ்ரீதரை இடித்துக் காட்டினான். எட்டாவது சுற்றில் கூட்டத்திலிருந்து கழன்றாள். ஒன்பதாவது முடிவில் பத்தொன்பது வினாடி பின்னால். ஸ்ரீதர் கோட்டைத் தாண்டிக் கையை உயர்த்தி, கட்டிப்பிடித்து, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நாச்சியார் வந்து சேர்ந்ததை அவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எட்டு வினாடிதான். கடைசிச் சுற்றை ஸ்ரீதரைவிடப் பதினொரு வினாடி வேகமாக, தனியாக, காற்றையெல்லாம் தானே வாங்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறாள்.

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. இது என் தொழில். சி ஷிப்டில் முதல் வாரம் ஆட்களின் கை மந்தமாகும், தொடர்ந்து போட்டால் இரண்டாம் வாரம் பழைய வேகம் திரும்பும், மூன்றாம் வாரம் கூடினாலும் கூடும் என்று ஆறு மாதம் அளந்து நானே அறிக்கை எழுதினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பகலில் விழித்து எல்லோரும் அதைக் கெடுத்துக்கொள்வார்கள் என்றும் எழுதியிருந்தேன். அந்த அறிக்கையில் ஒரு பிரதி ஸ்ரீதர் மேசைக்கும் போனது. அதன்மேல் டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்ததே தவிர, பக்கத்தைத் திருப்பிய அடையாளம் இல்லை. ஒரு வாரம் சி பார்த்து விழுந்தவள், மூன்று வாரம் பார்த்தால் செத்தே போவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மனிதர்களை சார்ட்டில் மட்டும் பார்த்துப் பழகியவருக்கு அதற்குமேல் தோன்றாது.

அவர் அன்று என்னிடம் வந்தார். "அமலா, அந்தப் பொண்ணு கடைசி ரவுண்டு இன்னா டைம்? முட்ஞ்சிபோச்சா அதோட கதை?"

"மொத்த நேரம் மட்டும்தான் சொல்லுவேன். அதுதான் ரூலு."

"நீ நம்ம ஊருப் பொண்ணுதான?"

"வாட்ச் எந்த ஊரும் இல்ல சார்."

முறைத்துவிட்டுப் போனார். கேட்டிருந்தால் நாச்சியாரிடமும் இதையேதான் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

ஐந்தாம் ஞாயிறு. ஒரகடத்திலிருந்து மேற்கே வாலாஜாபாத் ரோட்டில் இருபத்திரண்டு கிலோமீட்டர் போய், அதே வழியாகத் திரும்ப வேண்டும். ஆடி பிறந்திருந்தது. மேற்கிலிருந்து காற்று, கார் ஏற்றுகிற டிரெய்லர் லாரிகளின் தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நாச்சியார் ஒரு நிமிஷம் இருபது வினாடி பின்தங்கியிருந்தாள். சி ஷிப்ட் முடித்து கேட்டிலிருந்து நேராக வந்து, டிபன் பாக்ஸைத் திறந்து நாலு வாய் புளிசாதம் சாப்பிட்டாள். "காலங்காத்தால புளிசாதமா? வாந்திதான்" என்று எவனோ சொன்னான். எல்லோருக்கும் அது காலை. அவளுக்கு அது வேலை முடித்து வந்த சாயங்காலம் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பத்து நிமிஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது கிலோமீட்டரிலேயே அவள் கிளம்பிவிட்டாள். எதிர்க்காற்றில், தனியாக. அதைப் போன்ற பைத்தியக்காரத்தனத்தை யாரும் செய்ய மாட்டார்கள். லோகேஷ் எழுந்து மிதிக்கப் பார்த்தபோது ஸ்ரீதர் சொன்னாராம்: "வுடு, வுடு. சி ஷிப்ட் பார்த்த உடம்பு. பத்தாவது கிலோமீட்டர்ல ரோட்டோரமா குந்திகினு இருக்கும், பொறுக்கிக்கலாம்."

பத்தாவது கிலோமீட்டரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பதினைந்திலும் இல்லை. நேர் ரோட்டில் அவள் முதுகுகூடத் தெரியவில்லை என்றதும்தான் ஸ்ரீதருக்கு உறைத்தது. முன்னால் போய் இழு என்று லோகேஷை விரட்டினார். லோகேஷ் திரும்பிப் பார்த்து, பிறகு அவன் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன், "மூணு வருசமா காத்து வாங்கறது நானு, சீட்ல குந்தறது நீயி. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் குந்திக்கறேன்னு கேட்டதுக்குக் குட்த்தியா? இன்னிக்கி நீ வாங்கு" என்றான். மிதிப்பதை மெதுவாக்கி, வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான். மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

திரும்புமிடத்தில் நின்ற ராஜாமணி அண்ணன் போன் செய்தார். "அமலா, மூணு நிமிசம் பத்து செகண்டும்மா! மறுபடி சொல்றேன், மூணு நிமிசம்!"

திரும்பி வரும்போது காற்று முதுகில். முதுகில் காற்று அடித்தால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்து பெரிய லாபமில்லை, அவரவர் காலை அவரவர்தான் நம்ப வேண்டும். ஸ்ரீதர் அன்று நிஜமாகவே ஓட்டினார். அந்த மூன்று வருஷத்தில் அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வினாடியாகத் தின்றுகொண்டே வந்தார். நாச்சியார் கோட்டைத் தாண்டினாள். நான் பட்டனை அழுத்தினேன். அவள் சைக்கிளிலிருந்து இறங்கவில்லை, கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். ஒரு நிமிஷம் ஆனது. ஒரு நிமிஷம் இருபதும் தாண்டியது, நான் விரலை அசைக்கவில்லை. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டாவது வினாடியில் ஸ்ரீதர் வந்தார்.

மொத்தத்தில் முப்பத்திரண்டு வினாடி. நாச்சியார் முதல்.

"மறுபடி கூட்டு!" என்றார் ஸ்ரீதர், மூச்சு வாங்கிக்கொண்டு. கூட்டினேன். "வாட்ச்ல எதுனா கோளாறா இருக்கும்!" திரும்புமிடத்திலிருந்து பைக்கில் முந்தி வந்து சேர்ந்திருந்த ராஜாமணி அண்ணனின் வாட்ச்சைக் கொடுத்தேன். அவர் அதையும் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாச்சியார் ராஜாமணி அண்ணனிடம் கை நீட்டினாள். "அந்த நோட்டீஸத் தாங்கண்ணாச்சி." அவர் மடித்து வைத்திருந்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'ஆண்களுக்கு மட்டும்' என்ற வரியை ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு அதே காகிதத்தால் கையிலிருந்த செயின் கிரீஸைத் துடைத்து, விரல் இடுக்கையும் நன்றாகத் துடைத்து, குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"சார்," என்றாள் ஸ்ரீதரிடம். அண்ணாச்சி இல்லை, சார். "என்னைய ஒரு வாரம் சி போட்டு ஏக்கு மாத்தியிருந்தியன்னா நான் தோத்துருப்பேன். விடாம போட்டதுக்கு ரொம்ப நன்றி."

கதை இத்தோடு முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மனிதர் திருந்திவிட்டார் என்று பொய் எழுத எனக்கு மனசில்லை. ஆறாவது வாரத்துக்கான சார்ட்டிலும் நாச்சியார் பெயர் சியில் இருந்தது. முறைப்படி அந்த வாரம் சிதான் வரும் என்றார் ஸ்ரீதர். சம்மதக் கடிதத்தை லைனுக்கே கொண்டுவந்து நீட்டினார். நான் வாட்சோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

நாச்சியார் பேனாவை வாங்கினாள். சம்மதம் என்று அச்சடித்திருந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து, மேலே 'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

"மூணு சி சேந்தாப்ல பாத்தாச்சு சார். அன்னைக்கு எனக்கு வேண்டியிருந்துச்சு, போட்டேன். இப்ப வேண்டாம்."

அவள் கையெழுத்து இல்லாமல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பி ஷிப்டுக்கு மாற்றினார். ஐந்து வாரமாக ஏயிலேயே இருந்த அவருக்கும் அந்த வாரம் பி தான் வந்தது. எனக்கும் அன்று பி ஷிப்டில் அளவு வேலை. மதியம் ஒரு மணிக்கு பஸ் பிள்ளைப்பாக்கத்தில் நின்றபோது ஏறினேன். ஸ்ரீதர் இரண்டாவது வரிசையில், லோகேஷ் அவருக்குப் பின்னால். முன்சீட்டில் யாருமில்லை. பளபளா ஜாக்கெட் மட்டும் அதன் முதுகில் மாட்டியிருந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை, உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை.

மூன்று கிலோமீட்டர் போனதும், முன்னால் ஒரு வைக்கோல் லாரி. அதன் பின்னால் ஒட்டியபடி அரசாங்க லேடீஸ் சைக்கிள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வழியும் விடவில்லை. ஒரகடம் கேட் வரை எங்கள் பஸ் அவளுக்குப் பின்னால்தான் போனது.